பிளைவுட் சுவரில் ஃபைபர் கிளாஸ் ஷீட் ஒட்ட எந்தப் பசை நிற்கும்?

சக்கரவீடு

வணக்கம். பழைய கேம்பர் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) ஒன்றை வாங்கி, அடிச்சட்டம் வரைக்கும் பிரித்துப் போட்டிருக்கிறேன். வாங்கும்போதே இடதுபக்கச் சுவரில் கையளவு உப்பல் தெரிந்தது. "வெயிலில் லேசாகத் தூக்கியிருக்கு, அவ்வளவுதான்" என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்து ஓரப்பட்டையைக் கழற்றி ஷீட்டின் முனையைப் பிடித்து இழுத்தால், சுவரொட்டியைக் கிழிப்பது போல முக்கால்வாசிச் சுவர் கையோடு வந்துவிட்டது. உள்ளே 3 மி.மீ. பிளைவுட் கறுத்துப்போய், விரலால் அமுக்கினால் ஈர மரத்தூளாக உதிர்கிறது.

புதுச் சுவர் இப்படி: மரச்சட்டம், சட்டங்களுக்கு நடுவே 25 மி.மீ. பாலிஸ்டைரீன் ஃபோம் பலகை, வெளிப்பக்கம் 5 மி.மீ. பிளைவுட். அதன் மேல் 1.5 மி.மீ. ஃபைபர் கிளாஸ் ஷீட், வெள்ளை ஜெல்கோட் (பளபளப்பான வெளிப்பூச்சு) போட்டது, சுருளாக வந்திருக்கிறது. ஒரு பக்கச் சுவருக்கு 4.2 மீட்டர் நீளம், 2.1 மீட்டர் உயரம், இணைப்பே இல்லாத ஒற்றைத் துண்டு.

கையில் ஒரு டின் கான்டாக்ட் பசை இருக்கிறது. அதிலேயே ஒட்டிவிடலாமா? இல்லை, எபாக்ஸி (இரண்டு பாகத்தைக் கலந்து இறுகவைக்கும் பசை), பாலியூரிதேன் என்று போக வேண்டுமா? முகப்பில் ஸ்க்ரூ தெரியக் கூடாது என்பது மட்டும் முடிவு.

வெயில்வண்டி

தாராளமாகக் கான்டாக்ட் பசையே போடுங்கள். என் வண்டியில் அதுதான், 6 வருஷம் ஆகிறது, ஒரு இடம் தூக்கவில்லை.

பிளைவுட்டுக்கு இரண்டு கோட்டு கொடுங்கள், முதல் கோட்டை மரமே குடித்துவிடும். ஷீட்டின் முதுகுக்கு ஒரு கோட்டு. விரல் முதுகால் தொட்டுப் பாருங்கள்: பசை விரலோடு வரக் கூடாது, பிசுக்கு மட்டும் தெரிய வேண்டும். அதற்கு முன்னால் அவசரப்பட்டு மூடினால் கரைப்பான் உள்ளே மாட்டிக்கொண்டு, முதல் நல்ல வெயிலில் கொப்புளமாக எழும்பும்.

இரண்டு பக்கமும் தொட்டால் தொட்டதுதான், பிறகு ஒரு மி.மீ. கூட நகர்த்த முடியாது. அதனால் பிளைவுட் மேல் ஒரு அடிக்கு ஒன்றாக உருளைக் குச்சிகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் ஷீட்டை வைத்துச் சரிபாருங்கள். நடுக்குச்சியை முதலில் உருவி ரோலரால் அழுத்துங்கள். அப்புறம் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே போகலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பசையின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். பக்கத்து அறையில் அடுப்பு எரிந்தாலும் ஆபத்துதான்.

பிசின்கை

வெயில்வண்டி அண்ணன் சொன்ன முறை சரி. ஆனால் இந்தச் சுவருக்கு நான் அதைப் போட மாட்டேன்.

முதல் காரணம் ஃபோம். கான்டாக்ட் பசையில் இருக்கிற கரைப்பான் பாலிஸ்டைரீனை அப்படியே தின்றுவிடும். நடுவில் 5 மி.மீ. பிளைவுட் இருக்கிறது என்று சொல்வீர்கள். ஆனால் ஜன்னல் ஓரத்திலோ ஒயர் துளையிலோ ஒரு கோடு வழிந்தால் போதும், உள்ளே குகை. ஒரு துண்டு ஃபோம் மேல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கண் முன்னாலேயே குழி விழும்.

இரண்டாவது சூடு. வெயிலில் நிற்கும் வண்டியின் தோல் 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும், அடர்ந்த நிறமாக இருந்தால் அதற்கும் மேலே. சாதாரணக் கான்டாக்ட் பசை அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும்.

மூன்றாவது, கிட்டத்தட்ட 9 சதுர மீட்டர் ஷீட்டை ஒரே வாய்ப்பில் கோணாமல் இறக்க வேண்டும். காற்று அடித்தால் அது பாய்மரம்.

படகு வேலை செய்தவன் என்பதால் என் கை தானாக எபாக்ஸி பக்கம்தான் போகும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயில்வண்டி

என் வண்டி வெள்ளை நிறம், வருஷத்தில் பாதி நாள் கூரைக்கடியில் நிற்கிறது. அதையும் சொல்லியிருக்க வேண்டும். ஃபோம் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, என் சுவரில் ஃபோமே கிடையாது.

சக்கரவீடு

எபாக்ஸி கல் மாதிரி இறுகிவிடுமே? ஷீட் வெயிலில் நீளும், பிளைவுட் நீளாது. அப்போது பிய்த்துக்கொள்ளாதா? "வளையும் பசைதான் வேண்டும்" என்று பல பேர் சொல்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. எண்களைப் போட்டுப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

இந்த வகை ஷீட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும். பிளைவுட் 5, 6 மைக்ரான். வித்தியாசம் 20 என்று வையுங்கள். 20 டிகிரியில் ஒட்டி, வெயிலில் 60 டிகிரி ஆனால் 4.2 மீட்டருக்கு 3.4 மி.மீ. வித்தியாசம் வருகிறது. இதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

ஆனால் அது சும்மா கிடக்கும் ஷீட்டின் கணக்கு. முழுப் பரப்பும் ஒட்டியிருந்தால் ஷீட் எங்கேயும் போகாது. நீள முடியாத நீளம் அதற்குள் அழுத்தமாக மாறும். 1.5 மி.மீ. ஷீட்டில் அது 5, 6 மெகாபாஸ்கல்தான் வரும், ஷீட்டும் எபாக்ஸியும் அதைச் சட்டை செய்யாது.

வில்லங்கம் ஒட்டாத இடத்தில்தான். 30 செ.மீ. அகலத்துக்குப் பசை படாத இடம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அங்கே ஷீட் அதிகமாக நீள்வது 0.24 மி.மீ., தலைமுடி இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்த கனம். பக்கவாட்டில் போக வழியில்லாததால் வெளியே வளையும். அந்த வளைவின் உயரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 5 மி.மீ. காலை வெயிலில் தூரத்திலிருந்தே தெரியும். தினமும் தூக்கி, தினமும் அமுங்கி, ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டே போகும். பசை பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும் அளவுக்கு உரிப்பைத் தாங்காது.

அதனால் வளையும் பசையா, இறுகும் பசையா என்பதை நான் இரண்டாவதாக வைப்பேன். வெற்றிடம் விடாமல் எதை உங்களால் ஒட்ட முடியும் என்று முதலில் பாருங்கள்.

உளிச்சத்தம்

எல்லோரும் பசையைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் மரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

சக்கரவீடு தம்பி, உங்கள் பழைய சுவரில் பிளைவுட் கறுத்திருந்தது என்றீர்களே. அங்கே பசை தோற்கவில்லை. தண்ணீர் இறங்கி மரம் மக்கி, பசை ஒட்டிப் பிடித்திருந்த மேல்தோலே கழன்றுவிட்டது. உரித்த ஷீட்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், மரநார் ஒட்டிக்கொண்டு இருக்கும்.

சில வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு சுவர் என்னிடம் வந்தது. வண்டிக்காரர் பசை செய்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தார். கறை எங்கே தொடங்குகிறது என்று மேலே மேலே பார்த்துக்கொண்டு போனேன். வாசலுக்கு மேலே ஒரு விளக்கு, அதை மாட்டிய நான்கு ஸ்க்ரூவில் ஒன்றுக்கு அடியில் சீலன்ட் இல்லை. அந்த ஒரு துளையிலிருந்து ஒன்றரை மீட்டர் கீழே வரைக்கும் நாக்கு நீட்டினது போலக் கறை.

பிளைவுட் வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே பசைக்கோடு அடர்பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் ஃபீனாலிக், தண்ணீரைத் தாங்கும். வெளிறிய கோடு என்றால் சந்தேகப்படுங்கள். சந்தேகம் தீர ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் சில மணி நேரம் போட்டு, காயவைத்து, திரும்பவும் போடுங்கள். அடுக்கு பிரியக் கூடாது. உள்ளே பொந்து இருக்கிறதா என்று வெட்டிய ஓரத்தில் தெரியும். ஈரமானியில் 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் இன்னும் சில நாள் உள்ளேயே காய விடுங்கள்.

அப்புறம், ஸ்க்ரூ போகிற ஒவ்வொரு துளையையும் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் அடைத்து, இறுகியதும் நடுவில் மறுபடி துளையிடுங்கள். ஸ்க்ரூ மரத்தைத் தொடவே கூடாது. ஓரப்பட்டைக்கு அடியில் பியூட்டைல் டேப் (இறுகாத ரப்பர் பசை நாடா). சிலிகான் வேண்டாம், ஒரு தடவை பூசிவிட்டால் அந்த இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது.

ஓரமாநிக்கிறேன்

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் வருகிற ஆள், ஒரு சந்தேகம். ஷீட்டே பாலியஸ்டர் ரெசின்தானே, அதே ரெசினை வாங்கிப் பூசி ஒட்டினால் இனம் இனத்தோடு சேராதா?

பிசின்கை

ஷீட்டோடு ஓரளவு சேரும், மரத்தோடு சேராது. பாலியஸ்டர் இறுகும்போது சுருங்கும், மரத்தை ஆழமாகப் பிடிப்பதும் இல்லை. பிளைவுட்டில் பாலியஸ்டர் பூசிய பழைய படகுகளில் முழுத்தோலாக உரித்தெடுத்திருக்கிறேன். அதில் இருக்கும் ஸ்டைரீனும் இந்த ஃபோமைத் தின்னும். எபாக்ஸி தின்னாது.

ஷீட்டின் முதுகைப் பற்றி யாரும் பேசவில்லையே. சொரசொரப்பாகத் தெரிகிறதே என்று அப்படியே ஒட்டிவிடாதீர்கள். சில ஷீட்டில் பின்பக்கம் காற்றுப்படும் இடம் முழுசாக இறுக வேண்டும் என்று ரெசினில் மெழுகு கலந்திருப்பார்கள், அது மேலே மிதந்து வந்து படலமாக நிற்கும். அதனால் முதலில் துடைக்க வேண்டும், பிறகுதான் தேய்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் உப்புத்தாளே மெழுகைக் கீறலுக்குள் திணித்துவிடும். அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் காய்வதற்குள் இன்னொரு சுத்தத் துணியால் வழித்தெடுங்கள். 80 நம்பர் உப்புத்தாளில் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேயுங்கள், தூசியை உறிஞ்சுங்கள், மறுபடி ஒரு துடைப்பு.

சரியாக வந்ததா என்று பார்க்கக் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். படலமாகப் பரவினால் நல்லது. முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் மெழுகு இருக்கிறது.

முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். கண்ணாடித்தூசி பட்டால் அன்று ராத்திரி தூக்கம் கிடையாது.

சக்கரவீடு

ஒரே குழாயில் வருகிற பாலியூரிதேன், சிக்காஃபிளெக்ஸ் 252 மாதிரி வண்டி கட்டுகிறவர்கள் போடுவது, அது எப்படி? கலக்குகிற வேலையே இல்லையே.

கணக்குப்பிள்ளை

நல்ல பசைதான். ஆனால் அது காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுவது. சாதாரண அறைச்சூட்டில் ஓரத்திலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு 4 மி.மீ. அளவுக்கு இறுகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சுவரின் நடு ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது. பிளைவுட் கொஞ்சம் ஈரம் கொடுக்கும், ஆனாலும் முழுப்பரப்பாக இழுத்துப் பூசினால் நடு ரொம்ப நாள் பச்சையாகவே இருக்கும். அதனால்தான் அதைச் சட்டத்தின் மேல் கோடு கோடாக, இடைவெளி விட்டுப் போடுகிறார்கள். உங்கள் வேலை முழுப்பரப்பு.

நுரைத்துப் பொங்கும் வகையைத் தொடவே வேண்டாம். அழுத்தம் கொஞ்சம் குறைந்த இடத்தில் நுரை ஷீட்டைத் தூக்கிவிடும்.

வாதம் போதும். மிச்சத் துண்டில் நீங்களே ஒட்டிப் பாருங்கள்.

சக்கரவீடு *(மூன்று வாரம் கழித்து)*

பார்த்தாயிற்று. 50 மி.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்தில் பட்டைகள். நான்கு பசை. ஒவ்வொன்றிலும் தேய்த்த பட்டை ஒன்று, தேய்க்காத பட்டை ஒன்று. ஒரு வாரம் இறுக விட்டு, ஒரு நாள் தண்ணீர் வாளியில், ஒரு நாள் தகரக் கூரை மேல் வெயிலில், இப்படி மாற்றி மாற்றி. கடைசியில் உளியால் முனையைக் கிளப்பி, இடுக்கியால் பிடித்து உரித்தேன்.

கான்டாக்ட் பசை நிழலில் பிரமாதம். வெயில் பட்டையில் 2 கிலோ எடையைத் தொங்கவிட்டேன், மதியத்துக்குள் மெல்ல மெல்ல நூல் நூலாக இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டது.

குழாய் பாலியூரிதேன் நன்றாகப் பிடித்திருந்தது, ஆனால் இன்னொரு அகலமான துண்டில் போட்டுப் பார்த்தபோது ஒரு வாரம் கழித்தும் நடுவில் விரலில் ஒட்டியது. பொங்கும் வகை பலமாகத்தான் இருந்தது, ஆனால் பட்டை மேலேயே அலை அலையாகத் தெரிகிறது.

எபாக்ஸியில் தேய்க்காத பட்டைதான் எனக்கு அதிர்ச்சி. ஸ்டிக்கர் உரிப்பது போலச் சுத்தமாக வந்தது, முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. தேய்த்த பட்டை வரவே மாட்டேன் என்றது. கடைசியில் பிளைவுட்டின் முதல் அடுக்கைக் கிழித்துக்கொண்டு வந்தது.

ஒரே டின், ஒரே கலவை, ஒரே நாள். எபாக்ஸி என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த கேள்வி, எப்படி அழுத்துவது? மணல்மூட்டை போதுமா?

பிசின்கை

மணல்மூட்டையைச் சதுர மீட்டருக்கு 100 கிலோ அடுக்கினால் மொத்தம் 900 கிலோ தூக்க வேண்டும். அதுவும் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குதான். அதற்குப் பதிலாகச் சுவரைப் படுக்கவைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் மூடி, ஓரம் முழுக்கப் பிசுக்கு டேப்பால் அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுங்கள். பாதி வெற்றிடம் வந்தாலே சதுர மீட்டருக்கு 5 டன். பழைய குளிர்சாதனப் பெட்டி கம்ப்ரஸர் ஒன்று போதும், மெதுவாக இழுத்தாலும் இழுக்கும்.

ரொம்பவும் இழுக்காதீர்கள். எபாக்ஸிக்குப் பெரிய அழுத்தம் தேவையில்லை. பிழிந்தெடுத்தால் பசை எல்லாம் ஓரத்துக்கு வந்து நடு காய்ந்துபோகும். பாதி வெற்றிடத்தில் நிறுத்துங்கள்.

முதலில் பிளைவுட்டுக்குத் தடிமனாக்காத எபாக்ஸியை ரோலரால் பூசிக் குடிக்க விடுங்கள். அது பிசுக்காக இருக்கும்போதே சிலிகா பொடி கலந்ததை 3 மி.மீ. பல் வெட்டிய கரண்டியால் இழுங்கள். சதுர மீட்டருக்கு அரை கிலோ கணக்கு வையுங்கள். மெதுவாக இறுகும் ஹார்டனர் (எபாக்ஸியை இறுகவைக்கும் இரண்டாவது பாகம்) வாங்குங்கள். கலந்ததைக் குவளையில் வைத்திருக்காமல் உடனே அகலத் தட்டில் கொட்டுங்கள்.

சக்கரவீடு *(ஒன்பது நாள் கழித்து)*

இடதுபக்கம் ஒட்டியாயிற்று.

குவளையில் வைக்காதீர்கள் என்று படித்திருந்தும், மூன்றாவது கலவையை ஊற்றும் நேரத்தில் என் மனைவி டேப் ஒட்டக் கூப்பிட்டார் என்று குவளையோடு வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் குவளையிலிருந்து புகை. தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. பிளாஸ்டிக் குவளை ஒரு பக்கம் இளகிச் சாய்ந்துவிட்டது. வெளியே வெறும் மண்ணில் வைத்துவிட்டு, புதிதாகக் கலந்தோம்.

நான்கு பேர் ஷீட்டைச் சுருளாகவே பிடித்து, ஒரு முனையிலிருந்து விரித்துக்கொண்டே வந்தோம். எபாக்ஸி வழுக்கும் என்பதால் சரி செய்ய நேரம் கிடைத்தது, அது பெரிய நிம்மதி. கம்ப்ரஸரைப் போட்டதும் பிளாஸ்டிக் சுருங்கிச் சுவரோடு ஒட்டியது. எங்கேயோ உஸ்ஸென்று சத்தம். காதைத் தரையில் வைத்து அரைமணி நேரம் தேடினேன், ஒரு மூலையில் டேப் மடிப்பு. அதை அடைத்ததும் வெற்றிடமானியின் முள் பாதிக்கு ஏறி நின்றது. மறுநாள் காலைவரை ஓடவிட்டேன்.

இன்று காசால் தட்டிக்கொண்டே முழுச் சுவரும் பார்த்தேன். எல்லா இடமும் 'டக்' என்று கனத்த சத்தம். சக்கர வளைவுக்கு மேலே மட்டும் உள்ளங்கை அளவுக்கு 'டப்' என்று பொள்ளலாகக் கேட்கிறது. கணக்குப்பிள்ளை சொன்ன 5 மி.மீ. உப்பல்தான் நினைவுக்கு வந்தது. ஷீட்டில் துளை போட்டு ஊசியில் ஏற்றவா?

உளிச்சத்தம்

ஜெல்கோட்டைத் தொடாதீர்கள் தம்பி. உள்சுவர் இன்னும் மூடவில்லையே, உள்ளிருந்து போங்கள். ஜன்னல் சட்டத்திலிருந்து அளந்து இடத்தைக் குறியுங்கள். 3 மி.மீ. துளைமுனையில் 30 மி.மீ. தள்ளி ஒரு டேப் சுற்றுங்கள். 25 ஃபோம், 5 பிளைவுட், அதற்கு மேல் போகக் கூடாது. டேப் வருவதற்கு ஒரு மயிரிழை முன்னாலேயே கையை இளக்குங்கள்.

கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை. கீழ்த்துளையில் ஊசியை வைத்துத் தடிமனாக்காத எபாக்ஸியை ஏற்றுங்கள், மேல்துளையில் எட்டிப் பார்க்கும்வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளேயே மாட்டும். வெளியே ஒரு பலகையை முட்டுக்கொடுத்து அழுத்தி வையுங்கள்.

சக்கரவீடு

செய்துவிட்டேன். உள்ளங்கை அளவு இடத்துக்கு இரண்டு ஊசிகூட முழுசாகப் போகவில்லை. இரண்டு நாள் கழித்து முட்டுப் பலகையை எடுத்துவிட்டுத் தட்டினேன், பக்கத்து இடத்துக்கும் அதற்கும் சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மனைவியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னேன், அவருக்கும் தெரியவில்லை.

பிசின்கை

ஜன்னல் வெட்டும்போது கோட்டின் மேல் மறைப்பு டேப் ஒட்டி, சின்னப் பல் பிளேடால் வெளிப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள், ஜெல்கோட் சில்லு தெறிக்காது. வெட்டிய பிளைவுட் ஓரத்துக்கு அன்றைக்கே எபாக்ஸி, இரண்டு கோட்டு. அடுத்த நாள்தான் இரண்டாவது கோட்டு என்றால், மேலே வழுவழுப்பாக ஒரு படலம் வந்திருக்கும், அதைத் தண்ணீரால் கழுவித் தேய்த்துவிட்டுப் பூசுங்கள். வெட்டி எடுத்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சக்கரவீடு

நேற்று வெட்டினேன். அந்தத் துண்டு இப்போது பட்டறை மேசையில் இருக்கிறது. மூலையில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். பசைக்கோடு அப்படியே நிற்க, பிளைவுட்தான் நடு அடுக்கில் பிளந்தது. வலதுபக்கச் சுவருக்கு அடுத்த வாரம். ஷீட்டின் முதுகை இன்று காலையிலிருந்து தேய்த்துக்கொண்டிருக்கிறேன், கழுத்தெல்லாம் அரிக்கிறது.